பேதி ஐயா மண் அடித்த கதை

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் பக்கத்து ஊர்களில் தனிஸ்லாஸ் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பேதி ஐயா என்று கேட்டால் கைக்குழந்தைகூட வீறிட்டு அழுது வழி காட்டும். அவர் ஜில்லா போர்டில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். காக்கி அரைக்கால் சட்டை, கஞ்சி போட்டதுபோல விறைத்த தொப்பி, சைக்கிள் கேரியரில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் காலரா ஊசியும், கிணற்றில் கலக்கிற பெர்மாங்கனேட்டும், பிளீச்சிங் பவுடரும் இருக்கும். அவருடைய சைக்கிள் மணி ஊர் எல்லையில் கேட்டதும் ஆணும் பெண்ணுமாகக் காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அறுவடை முடிந்து நிலமெல்லாம் தரிசாகக் கிடக்கிற மாசத்திலும் கிளம்புவார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களைப்போல உழைப்பாளிகளை நான் கண்டதில்லை என்று அவர் மேலதிகாரியிடம் மனதாரச் சொல்லியிருக்கிறார்.

வீடு தல்லாகுளத்தில். அந்த வீட்டுக்குள் எந்தக் காய்கறியும் நேராக நுழைந்துவிட முடியாது. வாசலிலேயே பெர்மாங்கனேட் தண்ணீரில் முங்கி எழுந்துதான் அடுப்படிக்கு வரவேண்டும். அதனால் அந்த வீட்டு முட்டைக்கோசு ஊதா நிறத்திலும் வெள்ளரிக்காய் துருப்பிடித்த ஆணி நிறத்திலும் இருக்கும். விருந்துக்கு ஒருமுறை வந்தவர்களை மறுபடி அழைத்தால், சொல்லிவைத்தாற்போல அதே தேதியில் அவர்கள் வீட்டில் யாராவது இறந்துபோவார்கள்.

"நம்ம சிநேகிதக்காரங்க வீட்டுச் சாவெல்லாம் கிறிஸ்துமஸ் அன்னைக்கே எப்படித்தான் விழுகுதோ" என்பாள் அவர் மனைவி ஜோசபின். கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சர். ஊசியைக் கையில் வைத்திருப்பது இரண்டு பேருமே. யார் குத்தினால் அதிகம் வலிக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தனிஸ்லாஸ் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு சித்திரை மாசம் ஊருக்குள் காலரா வந்தது. அம்மாவையும் தங்கையையும் ஒரே வாரத்தில் கொண்டுபோனது. அப்பா அவரை மிஷன் போர்டிங்கில் விட்டுவிட்டுக் கங்காணியோடு இலங்கைக்குப் போனவர், திரும்பவில்லை. போர்டிங்கில் ஒரு பாதிரிச் சாமியார் ஊருணித் தண்ணீரில் ஒரு சொட்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். துள்ளி நெளிகிற அந்தக் கூட்டத்தைப் பார்த்த நாளில் தனிஸ்லாசுக்கு உலகம் இரண்டாகப் பிரிந்தது. கொதிக்கவைத்தது ஒன்று, கொதிக்கவைக்காதது ஒன்று. அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பிரிவு இருக்கக்கூடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதையும் கொதிக்கவைத்திருப்பார்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு முப்பத்தைந்தாம் வருஷம் ஜோசபினின் தம்பி ஞானமுத்து வந்து சேர்ந்தான். கோயமுத்தூரில் விவசாயம் படித்துவிட்டு, மதுரை வட்டாரத்துக்கு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டராக வேலை கிடைத்து வந்தவன். டிமான்ஸ்ட்ரேட்டர் என்றால், பரம்பரையாகப் பயிர் செய்கிறவர்களிடம் போய், பயிர் எப்படிச் செய்வது என்று செய்து காட்டுகிற உத்தியோகம். அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் திண்டுக்கல் பூட்டுக் கடைத் தெருவில். அதைச் சர்க்கார் ஒரு குறையாக நினைக்கவில்லை.

வந்த முதல் நாளே சாப்பாட்டில் வைத்து அவன் தன் வேலையைப் பற்றிச் சொன்னான்.

"அத்தான், கடலைச் செடியப் பிடுங்கிப் பாத்திருக்கீங்களா? வேர்ல பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது கிருமி. காத்துல இருக்கிற சத்தப் பிடிச்சு செடிக்கு ஊட்டிவிடுது. அந்தக் கிருமி இருந்தா எருவே அம்புட்டு வேண்டாம்."

"கிருமியா?" என்றார் தனிஸ்லாஸ். கையிலிருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது.

"கிருமிதான். பாக்டீரியா. நல்ல பாக்டீரியா."

"மாப்ள, நல்ல திருடன்னு ஒருத்தன் உண்டு, பைபிள்ல. அவனையும் சிலுவையிலதான் அறைஞ்சாங்க."

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

ஆனால் இரண்டு பேரும் சுற்றுகிற ஊர்கள் ஒன்றுதான். திங்கட்கிழமை தனிஸ்லாஸ் போய்க் கிருமியைக் கொல்லச் சொல்லுவார். செவ்வாய்க்கிழமை ஞானமுத்து போய்க் கிருமியை வளர்க்கச் சொல்லுவான். சமணர் மலை அடிவாரத்தில் கீழக்குயில்குடி என்று ஊர். அங்கே பயிர் செய்கிற சிவனாண்டி என்ற சம்சாரி இதைக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஞானமுத்துவிடம் கேட்டார்.

"நேத்து வந்த ஐயா கிருமி ஒண்ணு விடாம சாகணும்னாரு. நீங்க அதயே வெதைக்கணும்ங்கிறீக. ரெண்டு பேரும் சர்க்கார் சம்பளந்தானே? உள்ளுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்கப்புறம் நாங்க வாரோம்."

இப்படிக் கேள்வி கேட்ட குற்றத்துக்காகவே சிவனாண்டி மாட்டிக்கொண்டார்.

அந்தச் சமயம் ஒரு பெரிய அதிகாரி காரில் ஆரப்பாளையம் வழியாகப் போனபோது ஜட்கா குதிரைகள் எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்த்துவிட்டார். அவற்றின் முதலாளிகளும் எலும்பும் தோலுமாகத்தான் நின்றார்கள். அது வேறு இலாகா. குதிரைகளுக்காக ஒரு திட்டம் போடப்பட்டது. மதுரையைச் சுற்றிக் குதிரை மசால் பயிரிட வேண்டும். ஒருமுறை விதைத்தால் வருஷக் கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம், நல்ல தீவனம். ஆனால் அது இந்த மண்ணுக்குப் புதுசு. அதன் வேருக்கு ஏற்ற கிருமி இங்கே கிடையாது. கடலைக்கும் உளுந்துக்கும் உள்ள கிருமி குதிரை மசாலைத் திரும்பிப் பார்க்காது. அவற்றுக்குள்ளும் சாதிக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமியைக் குப்பியில் அடைத்து அனுப்புவார்கள்; அதை விதையில் கலந்து விதைக்க வேண்டும். கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு குடியானவன் தேவை. கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குப் பதிலும் புரியும் என்று ஞானமுத்து சிவனாண்டியின் பெயரை எழுதிக் கொடுத்தான். சிவனாண்டி வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் விதை மூட்டை வந்து இறங்கிவிட்டது.

குப்பிகளும் ரயிலில் வந்தன. தட்டையான கண்ணாடிக் குப்பிகள். உள்ளே பாசி மாதிரி ஒரு கூழ், அதன் மேல் வெள்ளையாக வழுவழுப்பாக ஓர் ஏடு. வெயில் படக்கூடாது, சூடு ஆகாது. தல்லாகுளம் வீட்டில் குளிர்ச்சியான இடம் அடுப்படியில் தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருக்கும் ஈர மணல்தான். ஜோசபின் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

தனிஸ்லாஸ் மறுநாள் தண்ணீர் மொள்ளப் போனவர் பார்த்துவிட்டார். குடிக்கிற தண்ணீருக்கு அடியில் ஆயிரம் கோடிக் கிருமிகள் மணலுக்குள் சொகுசாகப் படுத்திருக்கின்றன! மனைவி பள்ளிக்கூடத்தில், மைத்துனன் வெளியூரில். தூக்கி எறிந்துவிடலாம், ஆனால் குப்பிகள் மேல் சர்க்கார் முத்திரை. சர்க்கார் சொத்தை அழிக்கிறவர் அல்ல தனிஸ்லாஸ். வெகுநேரம் யோசித்தவருக்குத் தன் தகரப் பெட்டியே பதில் சொன்னது. காலரா ஊசிக்குள் இருப்பது என்ன? காலராக் கிருமிதான், சூட்டில் வைத்துச் சாகடித்த கிருமி. செத்த கிருமியை ஏற்றியே இத்தனை ஊர்களைக் காப்பாற்றுகிறோம். மனுஷனுக்கே செத்தது போதும் என்கிறபோது புல்லுக்கு உயிரோடு எதற்கு?

தர்க்கம் பழுதில்லாமல் இருந்தது. அவர் குளிக்கிற அண்டாவில் வெந்நீர் போட்டு, விரல் பொறுக்காத சூட்டில் குப்பிகளை வரிசையாக உள்ளே நிறுத்தினார். சூடு குறையக் குறைய விறகைத் தள்ளினார். பிறகு எடுத்துத் துடைத்து, இருந்த இடத்தில், இருந்த வரிசையில், முத்திரை முன்பக்கம் தெரியும்படி வைத்தார். குப்பிகள் பார்வைக்கு முன்னைப்போலவே இருந்தன. வீட்டுக்கும் சர்க்காருக்கும் நன்மை செய்துவிட்ட திருப்தியில் அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

கீழக்குயில்குடியில் விதைப்பு திருவிழாபோல நடந்தது. ஞானமுத்து குப்பியிலிருந்ததை வெல்லத் தண்ணீரில் கரைத்து, விதையில் பிசறி, மர நிழலில் உலர்த்தினான். சிவனாண்டியின் மனைவி ஜெயக்கொடி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"என்னாய்யா இது, வெதைக்குச் சீமந்தமா?"

"அம்மா, இதுக்குள்ள கோடிக்கணக்கில உசுரு இருக்கு."

"அம்புட்டு உசுருக்கும் கஞ்சி ஊத்துறது யாரு?"

"அதுங்கதான் நமக்கு ஊத்தும்."

ஜெயக்கொடி புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதற்கு முன் அவளிடம் அப்படிச் சொன்னவர்களின் கணக்கு இருந்தது.

விதை முளைத்தது. விரற்கடை உயரம்வரை பச்சையாக வளர்ந்தது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் பாய்ச்சினார்கள், களை எடுத்தார்கள். செடி அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஒருநாள் வயல் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

"நல்ல மங்களகரமா இருக்கு. மஞ்சத் தேச்சுக் குளிச்ச மாதிரி" என்றாள் ஜெயக்கொடி. சிவனாண்டிக்கு அந்த வயலில் வழக்கமாகச் சோளம் இருந்திருக்கும். ஊர்க்காரர்கள் மலைக்குப் போகிற வழியில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞானமுத்து செடிகளைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தான். வழுக்கையாக இருந்தது. ஒரு முடிச்சு இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்தவன் சோற்றை அளைந்துகொண்டே இருந்தான்.

"என்ன மாப்ள, ஒடம்புக்கு என்ன?" என்றார் தனிஸ்லாஸ்.

"குப்பியில இருந்த கிருமி செத்துப்போயிருக்கு அத்தான். ரயில்ல வெக்கை தாங்கலயோ என்னமோ. அடுத்த மாசம் எங்க இலாகா துரை வயல் பாக்க வாராரு. புதுக் குப்பி கேட்டு எழுதினா, வர்றதுக்குள்ள பயிரு போயிரும். பாவம் அந்த மனுசன் சிவனாண்டி."

தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். "செத்துப்போனா என்ன? செத்த கிருமியும் வேல செய்யுமே. காலரா ஊசியில..."

"செத்த மாடு உழுமா அத்தான்? இது ஊசி இல்லையே. அது உசுரோட வேருக்குள்ள போயிக் குடியிருந்து வேல செஞ்சாத்தான் உண்டு."

ஜோசபின் ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். தனிஸ்லாஸ் தட்டிலிருந்த ஊதா முட்டைக்கோசை வெகு அக்கறையாக ஆராயத் தொடங்கினார்.

"வேற வழியே இல்லையாடா?" என்று கேட்டாள்.

"ஒரு வழி இருக்குக்கா. பழைய குதிரை மசால் வயல்ல இருந்து மண்ண அள்ளியாந்து இங்க தூவித் தண்ணி விட்டா, அந்த மண்ணுல இருக்கிற கிருமி இங்க பரவிரும். இதே தல்லாகுளத்துல, ஒரு வெள்ளைக்காரர் பங்களாவுக்குப் பின்னால லாயத்த ஒட்டி ஒரு பாத்தி இருக்கு. பல வருசமாக் குதிரைக்கு அறுக்கிறாங்க. மண்ணு கேட்டு மனுப் போட்டிருக்கேன். மனு எங்க ஆபீசுல இருந்து ஜில்லா ஆபீசுக்குப் போயி, அங்கருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போயி, அங்கருந்து பங்களாவுக்குப் போகணும். பங்களா நம்ம ஆபீசுக்கு நேர் எதிரதான் இருக்கு."

அவன் கை கழுவப் போனதும் ஜோசபின் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கிப் பள்ளிக்கூடம் விட்டு வந்தப்ப வெந்நீர் அண்டா சுட்டுக் கெடந்துச்சு. நீங்க குளிச்ச மாதிரியும் இல்ல. நானும் கேக்கல."

"ஜோசபின், அது சுகாதார..."

"அவன் மூஞ்சியப் பாத்தீங்களா?"

"குடிக்கிற தண்ணிக்கு அடியில..."

"அந்த சம்சாரிக்கு அந்தப் பயிருதான் சோறு. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லவா?"

தனிஸ்லாஸ் சொல்லவில்லை. இருபது வருஷமாக எந்தக் கிருமி விஷயத்திலும் தப்புச் செய்யாத மனுஷன், தப்பை ஒப்புக்கொள்ள ஒரே நாளில் எங்கே பழகுவார்? அன்று படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். மலேரியாக் கொசு ஏதாவது வலைக்குள் வந்துவிட்டதா என்று ஜோசபின் கேட்டாள்.

மறுநாள் காலையில் காக்கியை மாட்டி, தொப்பியை அழுத்தி வைத்துக்கொண்டு அந்த வெள்ளைக்காரர் பங்களாவுக்குப் போனார். பங்களாத் துரை மலைக்குக் குளிர் வாங்கப் போயிருந்தார். பட்லர் இருந்தான், லாயத்தைப் பார்த்துக்கொள்கிற காளை என்பவன் இருந்தான். தனிஸ்லாஸ் லாயத்தைச் சுற்றி மூக்கில் கைக்குட்டையோடு நடந்தார். குதிரை மசால் பாத்தி அருகே வந்து திடுக்கிட்டவர்போல நின்றார்.

"இது என்ன மண்ணு?"

"மண்ணுதாங்க" என்றான் காளை.

"இதுல எம்புட்டுக் கிருமி இருக்கு தெரியுமா?"

அவர் உத்தியோகத்தில் சொன்ன வார்த்தைகளிலேயே மிகவும் உண்மையான வார்த்தை அதுதான்.

"மேலாப்புல ஒரு சாண் மண்ண வெட்டி எடுத்தாகணும். இன்னைக்கே. துரை வர்றதுக்குள்ள பாத்திக்குப் புது மண்ணு போட்டுருங்க. இல்லாட்டி நோட்டீசு கொடுக்க வேண்டி வரும்."

ஜில்லா போர்டு இன்ஸ்பெக்டருக்கு நகரத்துக்குள் அதிகாரம் உண்டா என்று பட்லர் கேட்டிருக்கலாம். தொப்பியைப் பார்த்தபின் அந்தக் கேள்வி யாருக்குத்தான் தோன்றும்? செடிகள் இருந்த வரிசைகளை விட்டுவிட்டு, இடையிலிருந்த மண்ணைக் காளையும் அவன் ஆட்களும் வெட்டிக் குவித்தார்கள். குப்பை ஏற்றுகிற மொக்கையனின் மாட்டுவண்டி வந்து நின்றது. தன் வாழ்க்கையில் அத்தனை கோடிக் கிருமிகளை ஒரே இடத்தில் தனிஸ்லாஸ் சேர்த்துப் பார்த்ததில்லை. வெயில் படாமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொன்னார். சாக்கு ஓர் ஓரம் விலகியபோது தானே இழுத்துவிட்டார். இழுத்துவிட்ட கையை வெறித்துப் பார்த்தார்.

வண்டி வைகையைக் கடந்து, ஆரப்பாளையத்தைக் கடந்து மேற்கே போயிற்று. அவர் சைக்கிளில் பின்னாலேயே போனார். கீழக்குயில்குடி எல்லையில் பழக்கதோஷத்தில் மணி அடித்துவிட்டார். ஊர் காலியாயிற்று. சிவனாண்டியும் ஜெயக்கொடியும் மட்டும் வயலை விட்டு ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

"யாருக்குப் பேதி?" என்றார் சிவனாண்டி கலவரத்தோடு.

"பயிருக்கு."

ஜெயக்கொடி வண்டியை எட்டிப் பார்த்தாள். "ஏன்யா, மண்ணு இல்லாத ஊருன்னு நெனச்சா இம்புட்டுத் தொலவுல இருந்து மண்ணக் கொண்டாந்தீக?"

தனிஸ்லாஸ் வழியெல்லாம் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தார். "இது சுத்திகரிச்ச மண்ணு. சுகாதார இலாகா மண்ணு. கிருமியே கெடையாது. இதத் தூவித் தண்ணி பாச்சுங்க."

மேகமூட்டமான நாள் அது. சிவனாண்டியும் மொக்கையனும் கூடையில் அள்ளித் தூவினார்கள். வேலை நகரவில்லை, மழை வேறு இறங்கப் பார்த்தது. வரப்பில் நின்ற தனிஸ்லாஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். காலுறையைக் கழற்றி மடித்துத் தொப்பிக்குள் வைத்தார். வயலுக்குள் இறங்கி, கட்டிகளைக் கையால் உடைத்துத் தூவத் தொடங்கினார். மண் நகக்கண்ணுக்குள் ஏறியது. முழங்கை வரை அப்பியது. அம்மாவைப் புதைத்தபோது எல்லோரும் ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். அவர் போட மாட்டேன் என்று அழுது ஓடியிருந்தார். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் மண்ணை இப்படிக் கை நிறைய அள்ளியது இல்லை. ஏன் குனிந்தபடியே அப்படி நின்றுவிட்டார் என்று சிவனாண்டிக்குத் தெரியவில்லை. "இடுப்புப் பிடிச்சுக்கிருச்சாய்யா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் தனிஸ்லாஸ்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பெர்மாங்கனேட் டப்பாவை மட்டும் எடுக்கவில்லை. ஜோசபின் சுடச்சுடக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாதிருப்பது அபூர்வம் என்பதால் அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மழை பெய்தது. வெயில் அடித்தது. முதலில் வயலின் ஒரு மூலையில் மஞ்சளுக்குள் பச்சை திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பிறகு திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. விவசாய இலாகா துரை வருகிற நாளில் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது குதிரை மசால். ஞானமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. குப்பிக் கிருமி தாமதமாக விழித்துக்கொண்டது என்று அவன் ஒரு புதுக் கொள்கையே கண்டுபிடித்திருந்தான். குப்பித் திட்டம் அமோக வெற்றி என்ற அறிக்கை, விதை விதைப்பதற்கு முன்பே ஜில்லா ஆபீசில் தட்டெழுத்தில் தயாராகி, தேதிக்காக மட்டும் காத்திருந்தது. தனிஸ்லாசும் ஊர்ச் சுகாதாரம் சொல்ல வேண்டும் என்று வரச்சொல்லப்பட்டிருந்தார்.

ஞானமுத்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிக் காட்டினான். முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளியதும் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. துரை தலையை ஆட்டி, சம்சாரிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சிவனாண்டி கும்பிட்டுவிட்டு மடைதிறந்தார்.

"எங்கங்கய்யா! குப்பி மருந்தெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகல. பயிரு சீக்கு வந்து படுத்திருச்சு. இந்தா நிக்கிறாரே பேதி ஐயா, இவருதான் ஒரு வண்டி மண்ணு அடிச்சுக் காப்பாத்துனாரு. தங்கமான மனுசன். வயல்ல எறங்கித் தூவுனாரு!"

துரைக்குப் புரியவில்லை. ஞானமுத்துவைப் பார்த்தார். ஞானமுத்து தனிஸ்லாசைப் பார்த்தான். தனிஸ்லாஸ் சமணர் மலையைப் பார்த்தார்.

ஞானமுத்துவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு இங்கிலீஷில், சுகாதார இலாகா அளித்த ஒத்துழைப்புக்குக் குடியானவர் நன்றி சொல்கிறார் என்றான். துரை மிகவும் மகிழ்ந்துபோய், இலாகாக்கள் இப்படி ஒன்றுக்கொன்று கைகொடுப்பதைத் தன் சர்வீசில் இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திரும்பும் வழியில் இரண்டு சைக்கிளும் பக்கம் பக்கமாக வந்தன. நாகமலை முடிகிற இடத்தில் ஞானமுத்து கேட்டான்.

"குப்பிய என்ன செஞ்சீங்க அத்தான்?"

"வெந்நீர்ல வெச்சேன்."

"ஏன்?"

"பயம்" என்றார் தனிஸ்லாஸ். சுகாதாரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறு வார்த்தை வந்துவிட்டது.

ஞானமுத்து பெடலை மிதித்து முன்னால் போய்விட்டான். அன்று சாயந்தரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்குக் குடிபோனான். ஜோசபின் தடுக்கவில்லை. தினமும் தூக்குவாளியில் சாப்பாடு மட்டும் அனுப்பினாள்; வெள்ளையாகவே இருக்கிற முட்டைக்கோசு. வீட்டில் புருஷனுக்கு வழக்கமான ஊதா.

அடுத்த பட்டத்துக்குப் புதுக் குப்பிகள் வந்தன. திட்டம் அமோக வெற்றி அல்லவா, இந்தத் தடவை இரண்டு பெட்டி. லாட்ஜ் அறையோ மத்தியானம் தோசைக்கல்லாகக் காய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானமுத்து பெட்டிகளோடு தல்லாகுளம் வந்தான். முன்னறையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தனிஸ்லாசின் முன்னால், மேசையில் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து ஜோசபினும் வந்து நிலைப்படியில் நின்றாள்.

தனிஸ்லாஸ் குப்பிகளைப் பார்த்தார். வெள்ளை ஏடு பளபளத்தது. ஜன்னலைப் பார்த்தார்.

"வெயிலு விழுகுது மாப்ள. செத்துப்போகும்."

எழுந்து, இரண்டு கையிலும் குப்பிகளை ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மணல் காய்ந்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதவர்போலப் பத்திரிகையை விரித்தார். அது தலைகீழாக இருந்தது. ஞானமுத்து சிரித்துவிட்டான். அன்றே லாட்ஜைக் காலி செய்தான்.

இந்தக் கதையால் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால், குறிப்பாக ஒன்றுமில்லை. ஜில்லா ஆபீசில் குப்பிக்குத்தான் புகழ். ஊருக்குள்ளே மண்ணுக்குத்தான் புகழ். அதுவும் வேறு மாதிரி. பேதி ஐயா கையால் தூவிய இடத்துக்குப் பேதி வராது என்று யாரோ கிளப்பிவிட, ஆட்கள் சிவனாண்டி வயலிலிருந்து சட்டியில் மண் எடுத்துப்போய் வீட்டு வாசலில் கொட்டிவைத்தார்கள். வந்து தடுத்த தனிஸ்லாசிடம், "கிருமியே இல்லாத மண்ணுன்னு நீங்கதானே சொன்னீக?" என்று ஜெயக்கொடி கேட்டாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். ஆனால் அப்போதிருந்து, அவர் சைக்கிள் மணி அடித்தால் கீழக்குயில்குடி ஜனங்கள் காட்டுக்கு ஓடுவது குறைந்தது. மண் கொடுத்த மனுஷன் என்று கையை நீட்டி ஊசியும் போட்டுக்கொண்டார்கள். ஒரு பொய்க்குக் கிடைத்த இந்தப் பலனை எந்த இலாகாவில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் அருகிப்போய் பஸ்கள் கரி வாயுவில் இருமிக்கொண்டு ஓடின. ஜட்காக்காரர்களுக்கு மறுபடி மவுசு வந்தது. சிவனாண்டி குதிரை மசால் கட்டுகளை ஆரப்பாளையத்தில் கொண்டுவந்து போட்டால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஓட்டு வீடு கட்டினார். ஞானமுத்து கல்யாணம் முடித்துக் கோயமுத்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனான். நாற்பத்துமூன்றில் தனிஸ்லாசுக்கும் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாற்றல் ஆனது.

கிளம்புகிற அன்று காலை தல்லாகுளம் வீட்டு வாசலில் சிவனாண்டி வந்து நின்றார். தலையில் ஒரு பெரிய கட்டு. இறக்கி வைத்தார். பனி ஈரம் உலராத குதிரை மசால்.

"ஊருக்குப் போறீகன்னாக. வெறுங்கையோட எப்படி வாரது?"

"சிவனாண்டி, எனக்குக் குதிரை இல்லையே."

"அதுனால என்னாங்கய்யா. இருக்கட்டும்."

மறுக்க முடியவில்லை. ஜட்காவில் தட்டுமுட்டுச் சாமான்கள், ஜோசபின், தகரப் பெட்டி எல்லாம் ஏறியபின் அந்தக் கட்டுக்கு இடமில்லை. தனிஸ்லாஸ் அதை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷன் வரை குதிரை ஓடவே இல்லை. நாலடி நடக்கும், நின்று கழுத்தை வளைத்து அவர் மடியைப் பார்க்கும். ஜட்காக்காரன் சவுக்கை ஓங்கினான்.

"அடிக்காதய்யா, ரயிலுக்கு நேரம் இருக்கு" என்றார் தனிஸ்லாஸ். கீழே இறங்கினார். கட்டைப் பிரித்து, ஒரு பிடி உருவி, குதிரையின் வாய்க்கு நேரே நீட்டினார். அது அவர் உள்ளங்கையில் எச்சில் ஒழுக ஒழுக மென்றது.

"கையக் கழுவ ஸ்டேஷன்ல தண்ணி இருக்கும்" என்று உள்ளேயிருந்து சொன்னாள் ஜோசபின்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று இன்னொரு பிடியை உருவினார் அவர்.